ஒரு பார் ஐஸ், மூன்று நிமிடம், பத்து விரல்

மார்கழி விடியலில் கடலூரிலும் புதுச்சேரியிலும் தேங்காய் எண்ணெய் பாட்டில் பாதி உறைந்து நிற்கும். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால்தான் தலைக்குத் தேய்க்க முடியும். அந்த எண்ணெய் உறையத் தொடங்குவது சுமார் 24 டிகிரி செல்சியஸில். நம் ஊர் உடம்புக்குக் குளிர் என்றால் அவ்வளவுதான். அந்த மாதத்திலும் தேவனாம்பட்டினத்துக் கடல் 25 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். சித்திரையில் 29, 30-ஐத் தொடும். இந்தத் தண்ணீரில் நீந்தி வளர்ந்த ஒரு தொழில்முறை டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயம்) வீரர், ஐரோப்பாவில் 12, 13 டிகிரித் தண்ணீரில் இறங்க வேண்டியிருந்தால் ஊரிலேயே எப்படித் தயாராவது என்பதுதான் இந்தப் பதிவு.

ஊரிலேயே தயாராகலாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். குளிருக்குப் பழகக் குளிர் நாட்டில் ஆறு மாதம் தங்க வேண்டும், அதற்குப் பணம் இல்லை, ஆகவே நமக்கு அந்தப் போட்டிகள் வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வெப்ப ஊர் வீரர் குளிர்ப் போட்டியில் தோற்பது பெரும்பாலும் நுரையீரலாலோ காலாலோ இல்லை. தண்ணீரில் முதல் மூன்று நிமிடத்தில் மூச்சைத் தவறவிடுகிறார்; கரையேறிய பிறகு விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. இந்த இரண்டுக்கும் மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் போதும்.

குளிர்ப் போட்டிகளிலும் வகை உண்டு. உலக டிரையத்லான் அமைப்பின் எலைட் (உச்சநிலை வீரர்களுக்கான) போட்டிகளில் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம், ஸ்பிரின்ட் என்றால் இதில் பாதி. நல்ல எலைட் வீரர் 1.5 கி.மீ.யை இருபது நிமிடத்துக்குள் நீந்தி முடிப்பார். அந்த நேரத்தில் உடலின் உட்சூடு ஆபத்தான அளவுக்கு இறங்காது. மூச்சும் கைகளும்தான் சிக்கல். இன்னொரு பக்கம் நீண்ட தூரப் போட்டிகள். 2003-இல் தொடங்கிய நார்வேயின் நார்ஸ்மேனில், ஆகஸ்ட் மாத விடியலில் படகிலிருந்து ஹார்டாங்கர் ஃபியோர்டில் குதித்து 3.8 கி.மீ. நீந்த வேண்டும். பிறகு 180 கி.மீ. சைக்கிள், தொடக்கமே கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரப் பீடபூமிக்கு ஏற்றம். கடைசியில் காஸ்டாடோப்பன் மலையில் முடியும் மாரத்தான். ஸ்காட்லாந்தின் செல்ட்மேனில் நீச்சல் 3.4 கி.மீ., கூடவே சொறி மீன்கள். சொறி நமக்குப் புதிதில்லை. அந்தத் தண்ணீர்தான் புதிது. இங்கெல்லாம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் குளிர்நீரில் இருப்பதால் உட்சூடும் கணக்கில் வந்துவிடும்.

தண்ணீர் என்ன செய்கிறது

தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 12 டிகிரித் தண்ணீர் மார்பில் பட்டதும் உடம்பு நம்மைக் கேட்காமலே ஒரு பெருமூச்சை இழுக்கும். அடுத்து நாயைப் போல் இளைக்கும். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும். இரண்டு மூன்று நிமிடத்தில் தணியும். அந்த முதல் பெருமூச்சின்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் என்னவாகும் என்று விளக்கத் தேவையில்லை. குளிர்நீர் விபத்துகளில் பலர் உறைந்து சாவதில்லை, இந்தக் கட்டத்திலேயே மூழ்கிவிடுகிறார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. தோலில் படும் குளிர் இதயத்தை விரட்டுகிறது. முகம் குளிர்நீரில் மூழ்கும்போது, அதுவும் மூச்சை அடக்கினால், இதயத்தை மெதுவாக்கும் அனிச்சை வேலை செய்கிறது. ஒரே நேரத்தில் ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் மிதிப்பது போல. ஆரோக்கியமான இதயத்திலும் இதனால் துடிப்பின் தாளம் தவறலாம் என்று பிரிட்டனின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் குளிர்நீர் உடலியலை ஆராயும் மைக் டிப்டனும் இதயவியல் ஆய்வாளர் மைக்கேல் ஷாட்டக்கும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்தப் பயிற்சியில் கால் வைக்கும் முன் இதய மருத்துவரிடம் ஒரு முறை காட்டி ஈசிஜி எடுத்துக்கொள்வது கட்டாயம். வீட்டில் யாருக்காவது இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை தரும் செய்தியும் அதே ஆராய்ச்சிகளிலிருந்துதான் வந்தது. மூன்று நிமிட முழுக்கு ஐந்தாறு தடவை போட்டாலே இந்த அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. பழக்கம் மாதக்கணக்கில் மிச்சம் இருக்கிறது. ஐந்தாறு நாள், நாளுக்கு மூன்று நிமிடம். இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் பயிற்சி டிரையத்லானில் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

மீன் பெட்டியும் ஐஸ் கணக்கும்

தொட்டிக்கு மிக நல்லது, மீன் ஏற்றப் பயன்படும் கனத்த பிளாஸ்டிக் பெட்டி. சுவருக்குள் வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு அடைத்திருப்பார்கள், அடியில் வடிகால் மூடியும் இருக்கும். 500 லிட்டர் அளவில் பழையது கிடைத்தால் வாங்கிவிடலாம். பிளீச்சிங் பவுடர் போட்டு இரண்டு முறை கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவைத்தால் கவிச்சி போய்விடும். அது கிடைக்காவிட்டால் மேல்பக்கம் அறுத்த பழைய 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. நீல நிற 200 லிட்டர் டிரம்மைப் பலர் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. நின்றபடி இறங்க வேண்டும், மயக்கம் வந்தால் ஆளை வெளியே இழுக்கவே முடியாது.

ஐஸ் எவ்வளவு? கணக்கு எளிது. தொட்டியில் 300 லிட்டர், 28 டிகிரி. அதை 12-க்கு இறக்க வேண்டும். 300-ஐ 16-ஆல் பெருக்கினால் 4,800 கிலோகலோரி வெளியேற வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோகலோரி எடுக்கும்; உருகிய தண்ணீர் பூஜ்யத்திலிருந்து 12-க்கு ஏற இன்னொரு 12. ஆகமொத்தம் 92. 4,800-ஐ 92-ஆல் வகுத்தால் 52 கிலோ. கடலூர் முதுநகரிலோ தேங்காய்த்திட்டிலோ ஐஸ் பிளான்டில் போய் "அண்ணே, ஒரு முழு பார் குடுங்க, ஒடச்சே போடுங்க" என்றால் 50 கிலோ பார் வரும். பாரின் எடை பிளான்டுக்குப் பிளான்ட் மாறும் என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் உருகுவதற்கும் தொட்டிச் சுவருக்கும் பத்து கிலோ கூட வாங்கினால் சரியாக இருக்கும். மீனில் போட்டு எடுத்த ஐஸ் வேண்டாம், பிளான்டிலிருந்து நேராக வந்ததே வேண்டும். அது குடிக்கவும் கூடாது. காலில் கையில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும்வரை முழுக்கைத் தள்ளிப்போடுங்கள்.

தவறு நடக்கும் இடம் தண்ணீரின் ஆரம்பச் சூடு. மொட்டை மாடித் தொட்டியில் மே மாத மதியம் தண்ணீர் 35 டிகிரி இருக்கும். அதே 300 லிட்டரை 12-க்கு இறக்க 75 கிலோ வேண்டும். ஒரு பார் போட்டுவிட்டு "ஐஸ் சரியில்லை" என்று திட்டுவதில் பயனில்லை. விடியலில், நிலத்தடித் தொட்டித் தண்ணீரை எடுங்கள். பாரைச் சாக்கில் போட்டு மரக்கட்டையால் தேங்காய் அளவுக்கு உடையுங்கள். முழுப் பார் மிதந்துகொண்டே இருக்கும், உருக வெகுநேரம் பிடிக்கும். துடுப்பாலோ கட்டையாலோ கலக்கியபடி, தொட்டியின் அடியிலும் நடுவிலும் வெப்பமானி வைத்துப் பாருங்கள். மேலே 9, அடியில் 17 என்று காட்டினால் இன்னும் கலக்க வேண்டும். உடம்பு இறங்கிய பிறகும் கலக்கச் சொல்லுங்கள். அசையாமல் உட்கார்ந்தால் தோலை ஒட்டி மெல்லிய வெதுவெதுப்பான நீர்ப்படலம் உருவாகிக் குளிர் தெரியாது. போட்டியில் அந்தச் சலுகை கிடையாது.

முதல் நாள் 18 டிகிரி, இரண்டு நிமிடம். அடுத்த நாள் 15. மூன்றாம் நாள் 13. அதன் பிறகு மூன்று நாள் 12 டிகிரியில் மூன்று நிமிடம். தனியாக ஒருபோதும் இறங்கக் கூடாது. கைகொடுத்து வெளியே தூக்கக்கூடிய ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கால், இடுப்பு, மார்பு என்று பத்து நொடியில் இறங்குங்கள். தலை வெளியே. உதட்டைக் குவித்து, சூடான ரசத்தை ஊதுவது போல நீளமாக மூச்சை விடுங்கள். இழுப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், அது தானே வரும், விடுவதில்தான் கவனம். பக்கத்தில் நிற்பவர் முதல் நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணி நோட்டில் எழுதட்டும். முதல் நாள் நாற்பதைத் தாண்டினாலும் வியப்பில்லை. நாளுக்கு நாள் அந்த எண் இறங்குவதுதான் பழக்கம் பிடிக்கிறது என்பதற்கு அத்தாட்சி. மூச்சு சீரான பிறகே, இரண்டாவது நிமிடத்தில், முகத்தை நனைத்து நீருக்குள் குமிழி விட வேண்டும். மூச்சை அடக்கி முகத்தை முக்குவது கூடவே கூடாது. காரணம் மேலே சொல்லியாயிற்று.

வெளியே வந்ததும் வெந்நீரில் குளிக்கத் தோன்றும். பொறுங்கள். தண்ணீரை விட்டு வெளியேறிய பிறகும் கை கால்களில் குளிர்ந்த ரத்தமும் தசையும் உட்சூட்டைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்று நிமிட முழுக்கில் இது பெரிதாகத் தெரியாது. ஒரு மணி நேர நீச்சலுக்குப் பின் நடுக்கம் பத்து இருபது நிமிடம் கழித்து உச்சத்துக்கு வருவது இதனால்தான். துடைத்து, உலர்ந்த துணி போட்டு, சர்க்கரை போட்ட சூடான டீ குடித்து, மெதுவாக நடந்தால் போதும்.

விரல்கள்

கையின் தோல் 15 டிகிரிக்குக் கீழே போனால் நுணுக்கமான வேலை தவறத் தொடங்கும். நீந்தும்போதே அறிகுறி வரும்: சுண்டு விரல் விலகி நிற்கும், பிறகு கை நண்டுக் கொடுக்குபோல் விறைத்துக்கொள்ளும். கட்டை விரலால் சுண்டு விரலின் நுனியைத் தொட முடியவில்லை என்றால் அந்தக் கையை நம்பி ஒரு பொத்தானும் போட முடியாது. இந்தக் கையோடுதான், நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் மாற்றுப் பகுதியில், வெட்சூட்டை (குளிர் தடுக்கும் ரப்பர் நீச்சல் உடை) கழற்றி ஹெல்மெட் வாரை மாட்ட வேண்டும். வார் மாட்டும் முன் சைக்கிளை அதன் ஸ்டாண்டிலிருந்து எடுத்தால் தண்டனை.

இதற்கு வாளி போதும். 15 லிட்டர் தண்ணீர், 3 கிலோ உடைத்த ஐஸ். 28-லிருந்து 11 டிகிரிக்கு வந்துவிடும். முழங்கை வரை 12 நிமிடம். எடுத்த உடனே, துடைக்காமல், வெட்சூட் ஜிப், ஹெல்மெட் வார், ஜெல் (பிழிந்து சாப்பிடும் சர்க்கரைக் கூழ்) பாக்கெட், கையுறை, காலணி என்று வரிசையாகச் செய்து நேரம் எடுங்கள். எது நின்றுபோகிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். முதல் தடவை பலருக்கும் கையுறைதான். ஈர விரல்கள் ஐந்து விரல் கையுறைக்குள் போகாது, நுனி மடங்கிக்கொள்ளும். நான்கு விரலும் ஒரே பையில் போகும் மிட்டன் சட்டென்று ஏறும், வெப்பமும் அதிகம் காக்கும். பிரேக்கும் கியரும் அதோடு பிடிக்க முடிகிறதா என்று ஈசிஆரில் ஓட்டிப் பார்க்கலாம். ஜிப் நுனியில் கட்டை விரல் நுழையும் அளவு நைலான் கயிறு வளையம் கட்டுங்கள். ஹெல்மெட்டுக்குக் காந்தக் கொக்கி. ஜெல் பாக்கெட்டின் வாயை முன்பே பாதி வெட்டி டேப் ஒட்டி வையுங்கள். காலுறையை நுனிவரை சுருட்டி, உள்ளே பவுடர் தூவி வையுங்கள். ஒரு சிறு துண்டு கையைத் துடைக்க. துடைக்க ஐந்து நொடி ஆகும், மிட்டனில் அதற்கு மேல் மிச்சமாகும்.

நீச்சலில் கையுறை போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்பார்கள். உலக டிரையத்லான் விதிகளில் அதற்கு இடமில்லை. நியோப்ரீன் (வெட்சூட் தைக்கும் ரப்பர்) காலுறைக்கும் தொப்பிக்கும் போட்டிக்குப் போட்டி விதி மாறும், அந்தந்தப் போட்டியின் கையேட்டைப் படிப்பதே வழி. அனுமதி இருந்தால் நியோப்ரீன் தொப்பியை மறக்காதீர்கள். காதடைப்பானும் வேண்டும்: குளிர்ந்த நீர் ஒரு காதுக்குள் புகுந்தால் தலை சுற்றும், நேர்கோட்டில் நீந்த முடியாது.

வெட்சூட்டை வெயில் ஊரில் வைத்திருப்பது

எலைட் பிரிவில் தண்ணீர் 20 டிகிரி அல்லது அதற்கு மேல் என்றால் வெட்சூட்டுக்குத் தடை; 15.9-உம் அதற்குக் கீழும் கட்டாயம். 12-க்குக் கீழே நீச்சலே கிடையாது. காற்று குளிராக இருந்தால், அளந்த தண்ணீர் வெப்பநிலையைக் கீழே இறக்கிக் கணக்கிடவும் விதி இடம் தருகிறது. வெட்சூட்டின் தடிமன் 5 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. தண்ணீரை 60 செ.மீ. ஆழத்தில் அளப்பார்கள். கரையில் காலை நனைத்துப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம்.

நம் கடலில் வெட்சூட்டோடு நீண்ட நேரம் நீந்துவது ஆபத்து. 28 டிகிரித் தண்ணீரில் 5 மி.மீ. ரப்பருக்குள் உடம்பு வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? தலைவலி, வெப்பத்திலும் புல்லரிப்பு, கிறுகிறுப்பு ஆகிய மூன்றில் ஒன்று வந்தாலும் கழற்ற வேண்டும். தை, மாசி விடியலில், பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல், நடுவில் கழுத்தை விரித்துத் தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டு நீந்தலாம். நோக்கம் ஒன்றுதான்: தோள் எப்படிச் சுழல்கிறது, இடுப்பு எவ்வளவு மிதக்கிறது, கழுத்து நெரிக்கிறதா என்று தெரிந்துகொள்வது. கழுத்து இறுக்கம் சின்ன விஷயமில்லை. குளிரும் இறுக்கமும், புறப்படும் முன் குடித்த அளவுக்கு மீறிய தண்ணீரும் சேர்ந்தால் நீந்தும்போதே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். இருமல், நுரை கலந்த இளஞ்சிவப்புச் சளி, மூச்சில் கரகரப்பு என்றால் அந்த இடத்திலேயே கையைத் தூக்கி உதவிப் படகைக் கூப்பிட வேண்டும். தகுதிப் புள்ளியெல்லாம் அதற்குப் பிறகு.

கடலுக்குப் போகும் நாளில் வீராம்பட்டினத்து மீனவர்களிடம் காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டம்) எப்படி என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். ஐப்பசி முதல் மார்கழிப் பாதிவரை வாடைக் காலத்தில் கடலை மறந்துவிடுங்கள். கெடிலம் முகத்துவாரத்துப் பக்கம் எந்த மாதமும் வேண்டாம். புதுச்சேரி கடற்கரைச் சாலையின் கருங்கல் ஓரம் நடப்பதற்கும் ஓடுவதற்கும்தான்.

போடும் முறை: காலில் மளிகைக் கடைப் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். நகம் வெட்டியிருக்க வேண்டும். கவட்டை வரை நன்றாக மேலே இழுத்த பிறகே கையை நுழையுங்கள். கீழே தொங்கினால் தோள் பிடிக்கும், நாலு நிமிடத்தில் கை கனக்கும். கழுத்தில் உராய்வுக்கு வாஸ்லின் தடவாதீர்கள், பெட்ரோலியச் சாமான் நியோப்ரீனுக்கும் ஒட்டுக்கும் ஆகாது. தேங்காய் எண்ணெய் எடுத்துப் போனால் அங்கே பாட்டிலில் கல்லாக இருக்கும். வெட்சூட்டுக்கென்றே விற்கும் மெழுகுக் குச்சி நல்லது. நீந்தி முடித்ததும் நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் அலசி, உள்பக்கம் வெளியே வரும்படி தடித்த ஹேங்கரில் நிழலில் காயவிடுங்கள். நம் ஊர் மொட்டை மாடி வெயிலில் ஒரு கோடை தொங்கினால் வெடிப்பு விழும். கார் டிக்கியில் விட்டாலும் அதே கதிதான்.

சைக்கிள், சாப்பாடு, ஓட்டம்

காற்று 10 டிகிரி, வேகம் 40 கி.மீ. என்றால் தோலுக்கு 6 டிகிரி போலத் தெரியும். 5 டிகிரியில் 60 கி.மீ. வேகத்தில் இறங்கினால் மைனஸ் 2. இது உலர்ந்த தோலுக்கு. நனைந்து வந்தவருக்கு இன்னும் மோசம். இங்கே நம் ஊர்க்காரருக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வெப்பத்துக்குப் பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கும், நிறைய வியர்க்கும். குளிருக்குப் பயந்து நாலு அடுக்கு போட்டு ஏற்றம் ஏறினால் உள்ளே தொப்பலாகிவிடும். உச்சியிலிருந்து இறங்கும்போது அந்த ஈரமே ஆளை விறைக்க வைக்கும். ஏற்றத்தில் லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. காற்றுத்தடுப்பு மேல்சட்டையின் ஜிப்பைத் திறந்து ஏறி, உச்சிக்கு நூறு மீட்டர் முன்பு மூடுங்கள். பருத்தி ஒரு இழைகூட வேண்டாம். அவசரத்துக்குப் பழைய செய்தித்தாள் இரண்டு தாளை மார்புக்கும் சட்டைக்கும் நடுவே செருகிக்கொள்வது சைக்கிள் பந்தய வீரர்களின் பழைய உத்தி, இன்றும் வேலை செய்கிறது.

இதைப் பழக ஊட்டியும் கொடைக்கானலும் உண்டு. தை மாத உறைபனிக் காலத்தில் ஊட்டி-கோத்தகிரி சாலையில் விடியலில் ஏறி இறங்கினால் விரலும் பிரேக்கும் எப்படி நடந்துகொள்கின்றன என்று தெரியும். நான்கு நாள் போதும். 2,200 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்குவது உயரத்தால், குளிரால் இல்லை. அங்கே பவர் மீட்டரில் (மிதிக்கும் திறனை வாட்டில் காட்டும் கருவி) எடுத்த வாட் எண்களைக் கடலூர் எண்களோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். காற்றைக் கிழிக்கக் குனிந்து ஓட்டும் ஏரோ நிலையில் நீண்ட நேரம் உட்காரப் பழக நமக்கு மரக்காணம் வரையிலான ஈசிஆர் போதும். போகும்போது முகத்தில் அடிக்கும் வாடை, திரும்பும்போது முதுகைத் தள்ளும்.

டயர் காற்று பலர் தவறும் இடம். 30 டிகிரி அறையில் 80 பிஎஸ்ஐ அடித்த டயர் 7 டிகிரியில் சுமார் 73 காட்டும். முந்தின மாலை ஓட்டல் அறைக்குள் காற்றடித்துவிட்டு, இரவெல்லாம் வெளியே நின்ற சைக்கிளை விடியலில் அப்படியே எடுத்தால் மெத்தென்று ஓடும். காற்றைக் காலையில், வெளியே, அந்தக் குளிரிலேயே அடியுங்கள். சாலை ஈரமாக இருந்தால் வழக்கத்தைவிட ஐந்து பிஎஸ்ஐ குறைவாக. பவர் மீட்டரையும் அரை மணி நேரம் குளிரில் நின்ற பிறகே பூஜ்யம் செய்ய வேண்டும். எலெக்ட்ரானிக் கியரின் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், முழு சார்ஜில் போங்கள். கிளம்பும் முன் ஊரிலேயே ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி கிரீஸ் தடவி மாட்டிப் பாருங்கள். நம் உப்புக் காற்றில் பிடித்துக்கொண்ட சீட் போஸ்ட், பெட்டியில் அடைக்கும் ராத்திரியில்தான் அசைய மறுக்கும்.

சாப்பாட்டில், தாகம் ஏமாற்றும். குளிரில் ரத்தம் உடலின் நடுப்பகுதிக்கு ஒதுங்குவதால் சிறுநீர் கூடுகிறது, தாகமோ குறைகிறது. நம் ஊர் மணிக்கு ஒரு லிட்டர் பழக்கம் அங்கே அதிகம். 400 முதல் 500 மி.லி. பலருக்குச் சரியாக வரும். கார்போஹைட்ரேட்டைக் குறைக்கவே கூடாது, மணிக்கு 60 முதல் 90 கிராம். நடுக்கமும் அதைத்தான் எரிக்கிறது. தண்ணீர் குறைந்து மாவு அதே அளவு என்றால் கரைசல் கெட்டியாகும், வயிறு பழகியிருக்க வேண்டும். அதை ஊரில் இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். நீண்ட தூரப் போட்டியில் முதல் பாட்டிலை பிளாஸ்க் வகையில் வைத்து, 45 டிகிரிச் சூட்டில் சர்க்கரைக் கரைசலை ஊற்றி வையுங்கள். சைக்கிளில் முதல் பத்து நிமிடத்தில் அது வயிற்றுக்குள் போனால் கைகளுக்கு உயிர் வருவது கண்கூடு. குளிரில் ஜெல் தேன்பாகு போலக் கெட்டிப்படும், தின்னும் எனர்ஜி பார் கடலைமிட்டாய் போல் கல்லாகும். உடம்போடு ஒட்டிய உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முதல் மூன்று கிலோமீட்டர் பாதம் மரக்கட்டை போல இருக்கும், தரை தெரியாது. அப்போது வேகத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். காலடியைச் சிறிதாக வைத்து ஓடினால் ரத்தம் இறங்கிவிடும். காலணியில் எலாஸ்டிக் நாடா.

போட்டிக்குப் பத்து நாள் முன்பே ஊர் போய்ச் சேருவது நல்லது. முதல் இரண்டு நாள் நீச்சல் வேண்டாம், தூக்கம் சீராகட்டும். பிறகு நாளுக்கு ஒரு முறை, கரைக்கு இணையாக, பத்து நிமிடத்தில் தொடங்கிப் போட்டித் தூரத்தில் பாதிவரை. போட்டியன்று துப்பாக்கி வெடிக்கும் முன் தண்ணீரில் இறங்க அனுமதி இருந்தால் இறங்கி, மூச்சு சீராகும்வரை மிதந்துவிட்டு நில்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு பாட்டில், நீந்தப் போகும் அந்தத் தண்ணீரையே கழுத்து வழியாக வெட்சூட்டுக்குள்ளும் முகத்திலும் ஊற்றிக்கொள்ளுங்கள். முதல் இருநூறு மீட்டரில் இடம் பிடிக்கத் துடிக்காமல், நீளமாக மூச்சை விட்டு நீந்துங்கள். அந்த இருநூறு மீட்டருக்குத்தான் மீன் பெட்டியில் உட்கார்ந்தீர்கள்.

முடிவுக் கோட்டில் கொடுக்க வேண்டிய பையை முந்தின இரவே அடுக்குங்கள். அடியில் காலணி, அதன் மேல் கம்பளிச் சட்டையும் காற்சட்டையும், அதன் மேல் உலர்ந்த உள்சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே துண்டும் குல்லாயும் டீ பிளாஸ்க்கும். பையின் வாய்க் கயிற்றில் முடிச்சுப் போடாதீர்கள். அந்த நேரத்து விரல்களால் அதை அவிழ்க்க முடியாது.